நானூற்றுப் பன்னிரண்டு ரிலேக்களும் ஒரு பல்லும்

அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லி வழி கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "டிக்டிக் வீடு" என்று கேட்டால் போதும், சைக்கிளில் போகிறவர்கூட ஒரு கையை விட்டுவிட்டுக் கோடியில் இருக்கும் மாடி வீட்டைக் காட்டுவார். அந்த மாடியின் பின்னறையிலிருந்து ஒன்பது வருடமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வந்த புதிதில் கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. இப்போது சத்தம் நின்றால் மேலே என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிறார்.

பிழைப்புக்கு டிக்டிக் பார்த்த வேலை, துணி துவைக்கும் மெஷினுக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதுவது. கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் சிப் அது. அதற்குள் மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட் இடம்தான் உண்டு. தண்ணீர் வாங்குவது, சுற்றுவது, பிழிவது, கதவு திறந்திருந்தால் கத்துவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆபீஸில் புதிதாக வந்தவர்கள் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற இதைப்போல ஆயிரம் மடங்கு இடத்தை வாரி இறைப்பார்கள். டிக்டிக் அதைப் பார்த்துவிட்டு, குழாயை மூடாமல் போனவர் வீட்டைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருமுறை மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பதினோரு பைட்டை மிச்சப்படுத்தினார். மேனேஜர் கூப்பிட்டு, "ரொம்ப சந்தோஷம், இந்த பதினோரு பைட்டுல என்ன பண்ணப் போறோம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். காலியா இருக்கட்டும்" என்றார் டிக்டிக்.

இப்படிப்பட்ட மனிதருக்கு சிப்பின் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அது மூடிக் கிடக்கிறது என்பதுதான் அது. உள்ளே ஒன்று பூஜ்யமாகிறது, பூஜ்யம் ஒன்றாகிறது என்று புத்தகம் சொல்கிறது. யார் கண்டது? கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை யாரை விட்டது. பழைய லிப்ட்டுகளைக் கழற்றிப் போடும் இடத்துக்கும், மூடிப்போன டெலிபோன் நிலையத்துக்கும் அலைந்து, பை பையாக ரிலே கொண்டுவந்தார். ரிலே என்பது ஒரு சின்ன ஸ்விட்ச். மின்சாரம் வந்தால் டிக் என்று ஒட்டிக்கொள்ளும், போனால் டிக் என்று விட்டுவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அப்படி நானூற்றுப் பன்னிரண்டு ரிலேக்களை நாலு வரிசையாக அடுக்கி, பின்னறையின் ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கம்ப்யூட்டரை அவர் கட்டியிருந்தார்.

அது என்ன செய்யும் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்வார். இருநூற்று ஐம்பதுக்குள் இருக்கும் பகா எண்களை எல்லாம் அது கண்டுபிடிக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். முடிந்ததும் மறுபடி இரண்டிலிருந்து ஆரம்பிக்கும். அவருடைய மாமனார், பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டோடு வந்து தங்கிய முதல் வாரத்தில் மெஷின் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

"இதையேதான மாப்பிள்ளை போன மணி நேரமும் கண்டுபிடிச்சுது? அதுக்குள்ள மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

"மறக்கல மாமா. சரியா செய்யுதான்னு பாக்கறேன்."

"செய்யுதா?"

"கிட்டத்தட்ட."

இந்தக் "கிட்டத்தட்ட"தான் அந்த வீட்டின் தலைவலி. மெஷினில் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு பாதிகள் தனித்தனியாகப் போடும். இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு சிவப்பு பல்பு எரியும், எல்லா ரிலேயும் அப்படியே நின்றுவிடும். வாரத்துக்கு மூன்று முறை போல அப்படி நின்றது. டிக்டிக் உடனே நோட்டை எடுப்பார். தேதி, நேரம், எந்த ரிலே, என்ன காரணம் என்று நாலு கட்டம் போட்ட நோட்டு. ரிலே பெரும்பாலும் கீழ் வரிசையில் இருபத்து மூன்றாம் நம்பர். காரணம் என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதுவார். பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டினால், இவ்வளவு நேரம் பிழை செய்தது நானா என்கிற மாதிரி அது சமர்த்தாக ஓடும். ஒன்பது வருடத்தில் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு "தெரியவில்லை" சேர்ந்திருந்தது.

அவருடைய மனைவி பல்செட் செய்கிறவள். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அவள் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, யாரோ ஒருவருடைய வாயை மேஜையில் உண்டாக்குவாள். பட்டறை என்று தனியாக ஒன்றும் கிடையாது, சாப்பாட்டு மேஜைதான். தட்டுக்கு எதிரில் நாலைந்து வாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். மாமா மட்டும் ஒரு துண்டால் அவற்றை மூடிவிட்டுச் சாப்பிடுவார். நாம் சாப்பிடுவதை அவை பார்ப்பது நன்றாக இல்லை என்பார்.

அவள் கை அந்த ஊரில் பேர் வாங்கியிருந்தது. மற்றவர்கள் செய்த செட், அதைப் போட்டிருக்கும் ஆள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். இவள் செய்தது தெரியவே தெரியாது. அதனால்தான் டாக்டர் ஒருநாள், இனிமேல் தன் மூன்று கிளினிக்கின் வேலையும் அவளுக்கே என்று சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. தனி அறை வேண்டும். சோறும் பல்லும் ஒரே மேஜையில் என்பது அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. ஒன்றாம் தேதி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் அறைதான். அதன் சுவரில் இருநூற்று நாற்பத்தொன்று பகா எண்தானா என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அன்று சாப்பிடும்போது அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ஒன்பது வருஷமா கிட்டத்தட்டன்னு சொல்றீங்க. ஒரே ஒரு நாள், காலையில ஆறுலேந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், அந்த சிவப்பு பல்பு எரியாம ஓட்டிக் காட்டுங்க. ஓடிச்சுன்னா அறை உங்களுக்கு. நான் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு மாடி ரூம் பாத்து வெச்சிருக்கேன், அத எடுத்துக்கறேன். எரிஞ்சுதுன்னா நான் என் பெஞ்சக் கொண்டுவந்து போட்டுடுவேன்."

"எந்த நாள்?"

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை."

"நான் டைம் பாக்கறேன்" என்றார் மாமா. ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

டிக்டிக்குக்கு இரண்டரை வாரம் இருந்தது. முதல் நாலு நாள் நானூற்றுப் பன்னிரண்டு ரிலேக்களின் ஒட்டி விடும் நாக்கையும் காகிதம் வைத்துத் துடைத்தார். ஐந்தாம் நாள் சிவப்பு பல்பு எரிந்தது. சரி, பிழை மெஷினுக்குள் இல்லை, வெளியிலிருந்து வருகிறது என்று முடிவுக்கு வந்தார். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். அந்தக் கதை இல்லை இது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கப்புறம் அவர் செய்ததில்தான் நியாயம் இல்லை.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குற்றவாளி யார் என்று தெரியாவிட்டால், சந்தேகப்படுகிறவற்றை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வெளியே எடுத்துவிட வேண்டும். பிழை நின்றால் குற்றவாளி வெளியே போன பாதியில், நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் பாதியில். மறுபடி அந்தப் பாதியை இரண்டாக்கு. டிக்டிக் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். முதல் பாதி: ஃப்ரிட்ஜ், டிவி, மின்விசிறி, மாமா. இரண்டாம் பாதி: வாஷிங் மெஷின், மிக்ஸி, டியூப்லைட், மனைவி.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஃப்ரிட்ஜுக்கும் எனக்கும் என்ன மாப்பிள்ளை சம்பந்தம்?"

"ரெண்டும் பகல்ல திடீர் திடீர்னு சத்தம் போடுது மாமா."

"அது இருமல்."

"இருமலா இருந்தாலும் அதிர்வு அதிர்வுதானே."

மூன்று நாள் ஃப்ரிட்ஜ் அணைந்து கிடந்தது. பால் திரிந்தது. மாமா காலையில் பூங்காவுக்குப் போய் இருட்டும்போது திரும்பினார். அந்த மூன்று நாளில் பல்பு இரண்டு முறை எரிந்தது. ஆக, முதல் பாதி நிரபராதி. மாமாவுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் இனி யாரும் தன்னை எதோடும் சேர்த்து எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்து மனைவியையும் மிக்ஸியையும் ஒரு நாள் முழுக்க அவள் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். போகும்போது அவள் மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பல்பு எரியவில்லை. மறுநாள் மிக்ஸி மட்டும் திரும்பி வந்து நாள் முழுவதும் அரைத்தது. அப்போதும் எரியவில்லை. அதற்கு மறுநாள் மனைவி வந்தாள். சாயங்காலம் நாலரைக்கு எரிந்தது.

மாமா அதற்குள் நோட்டைக் கேட்டு வாங்கியிருந்தார். முப்பத்தைந்து வருடம் பஸ்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பார்த்த கண் அது. ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரியையும் ஒரே நாளில் படித்து முடித்தார்.

"இது பிழை இல்ல மாப்பிள்ளை, இது சர்வீஸ்" என்றார். "ஞாயித்துக்கிழமை நாலரை. செவ்வாயும் வியாழனும் ராத்திரி ஒம்போது. அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன ஆகும், ஆனா வண்டி வந்துடும். ரெண்டே தடவதான் சர்வீஸ் ரத்து. ஒண்ணு, எம் பொண்ணு அவ தங்கச்சி பிரசவத்துக்குப் போன பத்து நாள். இன்னொண்ணு, அவ கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருந்த மாசம்."

கேட்ட எவனும் அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருப்பான். நம் ஆள் கேட்கவில்லை. தன் மனைவியின் உடம்பில் மின்சாரம் தேங்குகிறது என்று முடிவு செய்தார். மெழுகையும் துணியையும் நாளெல்லாம் தேய்க்கிறாள், தேங்காமல் என்ன செய்யும்? ஆபீஸில் சிப்பைத் தொடுகிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று உண்டு. உடம்பில் இருக்கும் மின்சாரத்தை ஒரு ஒயர் வழியாகத் தரைக்கு அனுப்பிவிடும். அதில் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மணிக்கட்டில் கட்டி, ஒயரை எட்டு மீட்டர் நீட்டி, மறுமுனையைச் சமையலறைத் தண்ணீர்க் குழாயில் மாட்டினார். காலுக்கு ரப்பர் செருப்பு.

"ரெண்டு நாள் மட்டும்" என்றார்.

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு நாளைக்கப்புறம் அவுத்து விடுவீங்களா, இல்ல வித்துடுவீங்களா?" என்றுதான் கேட்டாள். கோபப்பட்டிருக்கலாம். அறை அவளுக்கு வர வேண்டுமென்றால் சோதனை நேர்மையாக நடக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஒயரை இழுத்துக்கொண்டே சமைத்தாள், ஒயரை இழுத்துக்கொண்டே பல் நட்டாள். என் பெண்ணைக் குழாயில் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று வெளியில் சொல்ல முடியுமா என்று மாமா சுவரைப் பார்த்துப் புலம்பினார்.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதுக்குப் பல்பு எரிந்தது. குழாயிலிருந்து ஒயர் கழன்றிருக்கும் என்று நினைத்து டிக்டிக் எழுந்து திரும்பினார். அறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். போகத்தான் பார்த்தாள். ஒயர் கதவுக் கீலில் மாட்டிக்கொண்டு அவளைப் போகவிடவில்லை.

"நீ இங்க என்ன பண்ற?"

"கட்டிப் போட்டது நீங்க. எடுத்து விடுங்க."

"எவ்வளவு நேரமா நிக்கற?"

"இப்பத்தான் வந்தேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். கதவுக்கடியில் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகை உண்டு. அதன் மேல் நின்றிருந்தாள். "அப்படியே இறங்கு" என்றார். இறங்கினாள். பொத்தானை அழுத்தினார், மெஷின் ஓடியது. "ஏறு" என்றார். ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பல்பு எரிந்தது. இறங்கச் சொன்னார். ஏறச் சொன்னார். எரிந்தது. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து பலகையைப் பெயர்த்தார்.

அடியில் ஒரு ஒயர் போனது. மெஷினின் கீழ் வரிசைக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர். நடுவில் ஓர் இணைப்பு, ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சுற்றியது. பலகை அழுந்தினால் முறுக்கு விடும். நடந்து தாண்டுகிறவர்களால் ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் அறுந்தாலும் மெஷின் இரண்டு விநாடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படி அவர் கட்டியிருந்தார். அதற்கு மேல் யாராவது அங்கே நின்றால்தான் இருபத்து மூன்றாம் நம்பர் கையை விட்டுவிடும். அந்த வீட்டில் வாசலில் நிற்கிற பழக்கம் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது.

டிக்டிக் தரையில் உட்கார்ந்தபடியே ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாய் முழுக்கச் சிரித்தார். அவள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பட்டையைத் தானே அவிழ்த்துக் கதவில் மாட்டினாள். நாலு நிமிடத்தில் ஈயம் வைத்து இணைப்பை இரும்பு மாதிரி ஆக்கிவிட்டார். பிறகு அவளை ஏற்றி அரை மணி நேரம் நிற்கவைத்தார். பல்பு எரியவில்லை.

மாமா கூடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒயர் ஏன் விட்டுச்சுன்னு கண்டுபிடிச்சிட்டீங்க மாப்பிள்ளை. அவ ஏன் நின்னான்னு கேக்கலையே."

"அது ஹார்ட்வேர் இல்லையே மாமா" என்றார் டிக்டிக்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஆறுக்கு மாமா தன் பழைய டிப்போ கடிகாரத்தைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கினார். மெஷின் கிளம்பியது. டிக்டிக் தன் ஸ்டூலில், இடது கன்னம் வாசலைப் பார்க்க, எப்போதும்போல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். ஏழுக்கு முதல் சுற்று முடிந்தது. எட்டுக்கு இரண்டாவது. மாமா ஒவ்வொரு மணிக்கும், "ரைட்" என்று குரல் கொடுத்தார்.

பத்து மணி வரை டிக்டிக்குக்குப் பெருமையாக இருந்தது. பதினொன்றுக்குக் கொட்டாவி வந்தது. ஒரு மணிக்கு நோட்டைத் திறந்து, எழுத ஒன்றும் இல்லாததால் மூடினார். மூன்று மணிக்குத் தான் இருபத்து மூன்றாம் நம்பரை ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துத் திடுக்கிட்டார். அது கடமை தவறாமல் ஒட்டியது, விட்டது. அதனிடம் கேட்க ஒரு கேள்வி இல்லை. ஒன்பது வருடம் இதற்காகத்தானா உழைத்தோம் என்று அவருக்கு இருந்தது. சரியாக ஓடும் மெஷின் எவ்வளவு சலிப்பானது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் யாரும் ஒன்பது வருடம் பிழையோடு குடும்பம் நடத்தியதில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பலகை முனகியது. மெஷின் மேல் கவனம் போய்விட்டதால் அவருக்கு அந்தச் சத்தம் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது. திரும்பினார். மனைவி நின்றாள். ஒரு கையில் மெழுகில் நட்ட பல்வரிசை, மறுகையில் சின்னக் கத்தி.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க பாருங்க."

"காலையிலேந்து வந்தியா?"

"ஏழு தடவ."

"எதுக்கு?"

அவள் மெழுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிரிப்பீங்களான்னு பாக்க. அந்த சிவப்பு பல்பு எரிஞ்சா நீங்க சிரிப்பீங்க. ஒரு பத்து செகண்டு. அப்புறம் நோட்ட எடுத்துடுவீங்க. அப்பத்தான் அந்தப் பல்லு தெரியும். இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்தது. லேசாத் திரும்பியிருக்கும். அத மாதிரி வெச்சா செட்டு செட்டுன்னு தெரியாது, சொந்தப் பல்லு மாதிரி இருக்கும். டாக்டர் அதுக்காகத்தான் என்கிட்ட குடுக்கறாரு. நாளைக்கு ஒரு செட்டு போகணும். அந்த ஒரு பல்லுதான் பாக்கி."

டிக்டிக் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார். "அப்ப இதுவரைக்கும் செஞ்சதெல்லாம்?"

"எல்லாம் உங்க பல்லுதான். முந்நூறு இருக்கும்."

மருந்துக்கடைப் பெரியவர், பஸ்ஸில் எப்போதும் எதிரே உட்காரும் அம்மாள், ஆபீஸ் காவலாளி. எங்கேயோ பார்த்த முகம், எங்கேயோ பார்த்த முகம் என்று அவர் நினைத்ததெல்லாம் தன்னுடைய வாய்தான் என்று தெரிந்தபோது டிக்டிக்குக்குத் தலை சுற்றியது. ஆபீஸில் எந்த போட்டோவிலும் சிரிக்காதவர் என்று பெயர் எடுத்த மனிதர், ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ நின்னாத்தான் எரியுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் வரும்போதெல்லாம் எரியுதே, நம்ம நேரம் நல்லாருக்குன்னு நெனச்சேன்."

"பல்லுக்காகத்தான் வந்தியா?"

"பல்லு அப்புறம்." கத்தி முனையைப் புடவையில் துடைத்தாள். "கல்யாணமாகி வந்தப்ப நீங்க எதுக்குச் சிரிப்பீங்கன்னே எனக்குத் தெரியல. என்னல்லாமோ செஞ்சு பாத்தேன். ஒருநாள் இந்தப் பக்கம் வந்தப்ப பல்பு எரிஞ்சுது, நீங்க சிரிச்சீங்க. அதப் பாக்கத்தான் வந்தேன். அப்புறம் வர்றது பழக்கமாயிடுச்சு."

டிக்டிக் இப்போதே சிரித்துக் காட்டிவிடலாம் என்று முயன்றார். அவள் தொழில் கண்ணோடு ஒரு முறை பார்த்தாள். "வேணாம். அது பல்லக் காட்டறது. விடுங்க, நீங்க ஜெயிச்சிட்டீங்க. நாளைக்கு அந்த மாடி ரூமுக்குச் சாவி வாங்கிக்கறேன். காலையில ஒம்போதுக்குப் போனா ராத்திரிதான் வருவேன். அப்பாவுக்கு மட்டும் மத்தியானம் நீங்க எடுத்து வெச்சுட்டுப் போயிடுங்க."

"அஞ்சு அம்பத்தொண்ணு" என்றார் மாமா கூடத்திலிருந்து. "ஒம்போது நிமிஷம் இருக்கு."

டிக்டிக்குக்குப் பயமாக இருந்தது. மெஷின் நின்றுவிடுமோ என்ற பயம் இல்லை அது. நாளை முதல் இந்த மெஷின் இப்படியே, ஒரு தவறும் இல்லாமல், யாரும் வந்து நிற்காத அறையில் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற பயம். ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு முறை ஒருத்தி தன் முகத்தைப் பார்க்க வந்திருக்கிறாள், அத்தனை முறையும் அதைப் பிழை என்று எழுதி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன்கூட இவ்வளவு கணக்கோடு அலைந்திருக்க மாட்டான்.

எழுந்தார். அவளை விலகச் சொல்லிப் பலகையைப் பெயர்த்தார். ஈயம் உருக்கும் கோல் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். மூன்று நாளைக்கு முன்னால் வைத்த ஈயத்தை உருக்கி, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்தார். முறுக்கு மட்டும் மிஞ்சியது. பழையபடி டேப்பைச் சுற்றிப் பலகையைப் போட்டார். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்ன பண்றீங்க? இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்றாள் அவள்.

"ஏறி நில்லு."

"அறை போயிடும்."

"போகட்டும். நான் இத கூடத்துல, அந்த மேஜை இருக்கற எடத்துல வெச்சுக்கறேன். பலகையையும் எடுத்துட்டுப் போறேன். ஏறு."

அவள் ஏறவில்லை. "ஜெயிச்சத விட்டுட்டு அப்புறம் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா எனக்கு அந்த அறையே வேணாம்."

"நீ வந்து நிக்காம அது ஓடி என்ன ஆகப் போகுது?" என்றார் டிக்டிக். அவர் வாழ்க்கையில் மனைவியிடம் சொன்ன வாக்கியங்களில் இதுதான் ஆக நீளமானது என்று மாமா பிறகு எல்லோரிடமும் சொன்னார். அது உண்மையில்லை. ஆனால் மாமாவுக்கு அன்று அப்படித்தான் கேட்டது.

அவள் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். ஒன்று. இரண்டு. மூன்று. இருபத்து மூன்றாம் நம்பர் விட்டது, சிவப்பு பல்பு எரிந்தது, வீடு முழுக்கச் சத்தம் நின்றது. கீழ்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

டிக்டிக்குக்குத் தானாகச் சிரிப்பு வந்தது.

"அப்படியே இருங்க, வாய மூடாதீங்க" என்று அவள் கிட்டே வந்து, அவர் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, மெழுகில் இருந்த பல்லைக் கத்தி முனையால் ஒரு நூல் அளவு திருப்பினாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"அஞ்சு அம்பத்தொம்போது" என்றபடி மாமா நோட்டோடு வாசலில் வந்து நின்றார். "அறை போச்சு மாப்பிள்ளை. காரணம்னு என்ன எழுத?"

வாயை மூடக் கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.